மீதிப் பாட்டு

மகளுக்குப் பள்ளியில் பாட்டுப் போட்டி. நாலாம் வகுப்பு. டீச்சர் ஒரு தாளில் பாட்டை அச்செடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். 'திருடாதே பாப்பா திருடாதே'. மொத்தம் ஏழு வரி, கீழே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று பெயர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என் அப்பா தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"மீதி எங்க கண்ணு?"

"இவ்வளவுதான் அப்புச்சி குடுத்தாங்க."

"இது பாதிதான் சாமி. மீதி இல்லாம இதைப் பாடக்கூடாது."

அவர் குரலில் கோபம் இல்லை, பதற்றம் இருந்தது. உள்ளே போய் ஒரு பென்சிலை எடுத்து வந்து, தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கை நடுங்கும், எழுத்து பெரிது பெரிதாக விழும். ஆனால் எந்த வரிக்கும் நின்று யோசிக்கவில்லை.

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு பட்டுக்கோட்டையாரையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நாளாக அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சரி, இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சின்ன வயதில் அவரைப் பிடிக்காது. சொன்னால் அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் உண்மை அதுதான். காலையில் பள்ளி ஒலிபெருக்கியில் 'தூங்காதே தம்பி தூங்காதே' போடுவார்கள். லாரிப் பட்டறைச் சுவரில் 'செய்யும் தொழிலே தெய்வம்' என்று எழுதியிருக்கும். 'சின்னப் பயலே சின்னப் பயலே சேதி கேளடா' என்று யாராவது பாட ஆரம்பித்தால், அடுத்து நமக்குத்தான் ஏதோ புத்திமதி வரப்போகிறது என்று தெரிந்துவிடும். பெரியவர்கள் பிள்ளைகளை அடக்குவதற்கு வைத்திருக்கும் பாட்டுகள் என்றே நினைத்திருந்தேன். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, அந்த வரிசையில் இவரும் ஒருவர்.

அப்படி நினைத்ததற்குக் காரணம், எனக்கு யாரும் முழுப் பாட்டைக் காட்டவில்லை.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற ஊரில் 1930 ஏப்ரல் 13 அன்று பிறந்தார். அப்பா அருணாசலம் பிள்ளை, அம்மா விசாலாட்சி. அப்பாவே பாட்டுக் கட்டுகிறவர்தான். 'முசுகுந்தநாட்டு வழிநடைக் கும்மி' என்று ஒரு கும்மி எழுதியிருக்கிறார். தஞ்சை என்றதும் நமக்குக் காவிரியும் முப்போகமும்தான் நினைவுக்கு வரும். பட்டுக்கோட்டைப் பக்கம் அப்படிப்பட்ட பூமி இல்லை. பழைய டெல்டாவின் ஓரத்தில் இருக்கும் மேட்டு நிலம் அது. மேட்டூர் அணை கட்டி முடித்த 1934இல்தான் கல்லணைக் கால்வாய் வழியாக அங்கே ஆற்றுத் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் அதை இன்றைக்கும் புதாறு என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் வந்தபோது கல்யாணசுந்தரத்துக்கு நாலு வயது. தண்ணீர் வந்து, காடு வயலாகி, விளைச்சல் வந்து, அந்த விளைச்சல் யார் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போகிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்.

பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. அவர் செய்த வேலைகள் என்று பதினேழு தொழில்களைச் சொல்வார்கள். விவசாயம் பார்த்தார், மாடு மேய்த்தார், மாட்டு வியாபாரம் செய்தார். மாம்பழம், தேங்காய், கீற்று, முறுக்கு, இட்லி என்று விற்றார். மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்தில் நின்றார், தண்ணீர் வண்டி ஓட்டினார், மிஷின் ஓட்டினார், பாடினார், நடித்தார், ஆடினார், அரசியல் வேலை செய்தார். கடைசியில்தான் கவிஞர். கவிதை பதினேழாவது வேலை என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். முன்னால் செய்த பதினாறும் அந்தப் பதினேழாவதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவருடைய முதல் பாட்டு என்று சொல்லப்படுவது 1946இல், அவருக்குப் பதினாறு வயது ஆகும்போது, ஒரு குளத்தங்கரையில் பிறந்தது. வயலைப் பார்த்துவிட்டு வந்து மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார். கரையோரத்தில் கெண்டைக் குஞ்சு ஒன்று துள்ளித் துள்ளி விளையாடுகிறது. அதைப் பார்த்துப் பாடுகிறார்: 'ஓடிப்போ ஓடிப்போ கெண்டைக் குஞ்சே, கரை ஓரத்தில் மேயாதே கெண்டைக் குஞ்சே.' ஏன் என்றால், 'தூண்டில்காரன் வரும் நேரமாச்சு, ரொம்பத் துள்ளிக் குதிக்காதே கெண்டைக் குஞ்சே.'

இந்தப் பாட்டை நான் முதலில் படித்தபோது குழந்தைப் பாட்டு என்று தாண்டிப் போய்விட்டேன். பல வருஷம் கழித்து ஒருநாள் சமையலறையில் நிற்கும்போது சட்டென்று உறைத்தது. மேயாதே, குதிக்காதே. அப்புறம் அவர் சினிமாவுக்கு வந்து எழுதியதெல்லாம் என்ன? தூங்காதே. திருடாதே. 'வறுமை நிலைக்குப் பயந்துவிடாதே.' சின்னப் பயலிடம் சொல்வது, நம்பிவிடாதே, வெம்பிவிடாதே. அவருடைய முக்கியமான பாட்டுகளெல்லாம் இந்தத் 'தே'யில் நிற்கின்றன. ஒரு சின்ன உயிரைப் பார்த்து, பெரிய ஆபத்து ஒன்று வருவதைத் தெரிந்த ஒருவர், பதறிப்போய்ச் சொல்கிற சொல் அது. பதினாறு வயதில் அந்தக் குளத்தங்கரையில் பிடித்த குரலை அவர் கடைசி வரை விடவில்லை.

உலகநீதியும் இதே மாதிரிதானே சொல்கிறது என்று கேட்கலாம். 'ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்' என்று அதிலும் வரிசையாக வேண்டாம் வேண்டாம் என்றுதான் வரும். ஆனால் அங்கே காரணம் கிடையாது. சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பட்டுக்கோட்டையாரிடம் தூண்டில்காரன் இருக்கிறான். குஞ்சு துள்ளுவது குஞ்சின் தப்பு இல்லை, அது இயல்பு. தூண்டிலோடு ஒருவன் வருகிறான், அதனால்தான் எச்சரிக்கை. அந்தத் தூண்டில்காரன் அவருடைய ஒவ்வொரு பாட்டிலும் எங்கேயோ ஒளிந்திருக்கிறான். பெரும்பாலும் கடைசிச் சரணத்தில். நாம் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டால் அவன் தப்பித்துவிடுகிறான்.

'தூங்காதே தம்பி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்ன'னில் வரும் பாட்டு. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, டி.எம்.எஸ். குரல். போர்ப்படையில் தூங்கியவன் வெற்றியை இழந்தான், பள்ளியில் தூங்கியவன் கல்வியை இழந்தான், கடையில் தூங்கியவன் முதலை இழந்தான் என்று ஒரு பட்டியல் போகும். இதுவரைக்கும் பள்ளி ஒலிபெருக்கிக்குப் பொருத்தமான பாட்டுதான். அப்புறம் பட்டியலின் முடிவில் வந்து நிற்கிறது அந்த வரி: 'இன்னும் பொறுப்புள்ள மனிதரின் தூக்கத்தினால் பல பொன்னான வேலையெல்லாம் தூங்குதப்பா.' இங்கே தூங்குவது தம்பி இல்லை. நாற்காலியில் இருக்கிறவர்கள். தம்பியை எழுப்புகிற மாதிரி ஆரம்பித்து, பாட்டு போய்த் தட்டுவது வேறொரு கதவை. இதைத் தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு ஒருவர்கூட அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

'திருடாதே' அதைவிட. 'திருடனாய்ப் பார்த்துத் திருந்தாவிட்டால் திருட்டை ஒழிக்க முடியாது' என்ற வரி ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. மேடையில் சொல்வார்கள், பத்திரிகையில் போடுவார்கள். பட்டுக்கோட்டையாரே சொல்லிவிட்டார், தனிமனிதன் திருந்த வேண்டும் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. அடுத்த வரியே 'கொடுக்கிற காலம் நெருங்குவதால் இனி எடுக்கிற அவசியம் இருக்காது' என்று போகிறது. அதற்கும் அடுத்து, 'இருக்கிறதெல்லாம் பொதுவாய்ப் போனால் பதுக்கிற வேலையும் இருக்காது.' பதுக்கல் என்பது அந்தக் காலத்து மக்களுக்கு அகராதிச் சொல் இல்லை. யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் ரேஷனுக்கு வரிசையில் நின்றவர்கள், அரிசி எங்கே போனது என்று தெரிந்தவர்கள் அவர்கள். பிஞ்சுக் கையை நீட்டி ஒன்றை எடுத்த பிள்ளையைப் பார்த்துப் பாட ஆரம்பித்து, குடோனில் பதுக்கியவனிடம் போய் முடிகிறது பாட்டு. திருட்டு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு திருடர்களையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

மகளுக்குக் கொடுத்த தாளில் முதல் திருடன் மட்டும்தான் இருந்தான்.

அப்பா கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. பத்தொன்பது வயதில் ஸ்பின்னிங்கில் சேர்ந்தார். சைடு பார்ப்பது வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த இழையைக் கண்ணால் கண்டுபிடித்து விரலால் ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் நடை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அவருக்கு 'புதையல்' படத்தில் வரும் 'சின்னச் சின்ன இழை பின்னிப் பின்னி வரும்' பாட்டு உயிர். "இழைன்னு சொன்னாரு பாத்தியா அம்மிணி. நூலுன்னு சொல்லியிருந்தா ஆகியிருக்கும். ஆனா தறியில ஒக்காந்தவனுக்கும் மிசின்ல நின்னவனுக்கும் அது இழைதான்" என்பார். அவர் மில்லில் சிட்டா நூலும் போட்டார்கள், அது கைத்தறிக்காரர்களுக்குப் போகும். அதனால் அந்தப் பாட்டில் தனக்கும் பாதிப் பங்கு இருப்பது போல அவருக்கு ஒரு நினைப்பு. அந்தப் படம் வந்தது 1957இல். அதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால்தான், நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, அண்ணாவும் மற்ற தி.மு.க. தலைவர்களும் கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அப்படி ஒரு காலத்தில், தறியைப் பற்றிப் பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டை பி. சுசீலாவின் குரலில், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில், ஒரு சிவாஜி பத்மினி படத்துக்குள் வைக்க முடிந்திருக்கிறது.

சம்பள நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா சம்பளக் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்காருவார். அம்மா மளிகைக் கடை நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். மளிகைக்கு, பாலுக்கு, வீட்டு வாடகைக்கு, சீட்டுக்கு, வட்டிக்காரருக்கு என்று பணம் சின்னச் சின்னக் கட்டாகப் பிரியும். கடைசியில் கவர் தட்டையாகிவிடும். அப்போது அப்பா மெதுவாக, ராகத்தோடு, 'கையிலே வாங்கினேன், பையிலே போடலே, காசு போன இடம் தெரியலே' என்பார். அம்மா சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகவே பாடுகிறார் என்று நினைக்கிறேன். 'இரும்புத்திரை' படத்துப் பாட்டு அது. எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில் திருச்சி லோகநாதன் பாடியது. படமும் மில் தொழிலாளியின் கதைதான். அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்காகவே எழுதியது என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். அப்பா வேலை பார்த்த மில்லைத் தொண்ணூறுகளில் மூடினார்கள். கணக்கு முடித்துக் காசு கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் அவர் அந்தப் பாட்டைப் பாடவில்லை.

அவருக்கு முழுப் பாட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டால், "சங்கத்து மேடையில படிச்சது" என்பார். அதுதான் பட்டுக்கோட்டையாரின் இடமும். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே அவர் தஞ்சை மாவட்டத்தின் விவசாயிகள் இயக்கத்தில் இருந்தவர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். பண்ணையாளுக்குத் தண்டனையாகச் சாட்டையடி கொடுத்து, சாணி கரைத்த சாணிப்பாலைக் குடிக்க வைத்த மாவட்டம் அது. அதை எதிர்த்துச் சங்கம் வைத்துப் போராடி, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். அந்தப் போராட்டக் காற்றில் வளர்ந்த இளைஞன், கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் மேல் பற்று வைத்தவன், கட்சிப் பத்திரிகையான 'ஜனசக்தி'யில் பாட்டு எழுதியவன். இன்னொரு பக்கம் பாரதிதாசன். புதுச்சேரியில் அவரோடு தங்கியிருந்து அவருடைய 'குயில்' இதழ் வேலைகளில் கூட இருந்தவர். தாளில் எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழிக்குப் பதிலாகப் பாரதிதாசன் வாழ்க என்று எழுதிவிட்டுத்தான் பாட்டை ஆரம்பிப்பார் என்று சொல்வார்கள். சக்தி நாடக சபாவில் நடித்தார், நாடகங்களுக்குப் பாட்டெழுதினார், அப்புறம் சென்னையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

எம்.எஸ். விஸ்வநாதன் பல இடங்களில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பாசவலை'க்குப் பாட்டு தேவைப்பட்டது. புதுப் பையன் ஒருவர் வந்திருக்கிறார் என்றதும், பெயர் தெரியாத ஆளிடம் எழுதி வாங்குவதா என்று எம்.எஸ்.வி. பார்க்கவே மறுத்துவிட்டாராம். பிறகு எழுதிய தாளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 'குட்டி ஆடு தப்பி வந்தா குள்ளநரிக்குச் சொந்தம், குள்ளநரி மாட்டிக்கிட்டா கொறவனுக்குச் சொந்தம்' என்று போகிறது. உலகத்தில் எதுதான் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியை, ஆடு, நரி, வேட்டைக்காரன் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிற பாட்டு. படித்ததும் எம்.எஸ்.வி. தன் அவசரத்தை நினைத்து வெட்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதை அவரே மேடையில் சொன்னதால், அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடியது. பாருங்கள், இங்கேயும் ஒரு குட்டி இருக்கிறது, அதைப் பிடிக்க ஒருவன் வருகிறான்.

'மகேஸ்வரி', 'படித்த பெண்' என்று 1955ஐ ஒட்டித் தொடங்கியது, 1959 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஐந்து வருஷம்கூட முழுசாக இல்லை. அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள்.

காதல் பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவரை நானும் பாதியாக்கிவிடுவேன். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' 1959இல் வந்தது. ஏ.எம். ராஜா இசை. ஜெமினியும் சரோஜாதேவியும் சைக்கிளில் போகிற அந்தக் காட்சி. 'வாடிக்கை மறந்ததும் ஏனோ.' வாடிக்கை கடைத்தெருச் சொல். பால்காரருக்கு, கீரைக்காரம்மாவுக்கு, மளிகைக் கடைக்காரருக்கு உள்ள சொல். தினமும் வருகிறவர் ஒருநாள் வராவிட்டால், என்ன வாடிக்கையை மறந்துட்டீங்க என்று கேட்போமே, அந்தக் கேள்வி. மாம்பழமும் முறுக்கும் விற்ற ஒருவருக்குத்தான் அந்தச் சொல்லைக் காதலியின் வாயில் வைக்கத் தோன்றும். அது எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்தது என்றால், இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கடை நினைவுக்கு வருவதில்லை, சைக்கிள் மணிதான் கேட்கிறது. 'ஆடை கட்டி வந்த நிலவோ' என்று இன்னொன்று, 'அமுதவல்லி'யில். இவையெல்லாம் எழுதியவரா கட்சிக்காரர் என்று ஆச்சரியப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கட்சிக்காரர்களும் காதலிப்பார்கள்.

'நாடோடி மன்ன'னில் இன்னொரு பாட்டு இருக்கிறது. டி.எம்.எஸ்.ஸும் பானுமதியும் பாடுவது. 'சும்மா கெடந்த நெலத்தைக் கொத்தி' என்று தொடங்கும். நிலத்தைக் கொத்தி, உழுது, விதைத்து, நட்டு, களத்துமேடு வரை ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக்கொண்டே வந்த பிறகு, அவள் கேட்கிறாள்: 'காடு வெளஞ்சென்ன மச்சான், நமக்குக் கையும் காலும்தானே மிச்சம்.' அவன் ஒவ்வொன்றாகச் சமாதானம் சொல்வான். அவள் விடமாட்டாள், திரும்பத் திரும்பக் கேட்பாள். கடைசியில் அவன், நானே சட்டம் போடப்போகிறேன் என்கிறான். திரையில் அதைப் பாடியவர் 1977இல் நிஜமாகவே சட்டம் போடும் இடத்துக்குப் போனார். தன் முதல்வர் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று எம்.ஜி.ஆர். சொன்னதை இன்றும் மேடைகளில் திரும்பச் சொல்கிறார்கள். அது நன்றியுணர்ச்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் முக்கியமான ஆள் அவள்தான். வயலில் இறங்கி நின்ற ஒரு பெண் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டதா என்று பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் கேட்டால் தெரியும்.

நான் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்ததே, அதற்கு அடுத்த வாரம். எங்கள் தெருவில் சேர்ந்து தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, அரிசி, பாய் என்று சேகரித்து ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம். ஓட்டுநருக்குத் தூக்கம் வந்துவிடக் கூடாது என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர் 'தூங்காதே தம்பி' எடுத்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டோம். இரண்டாவது சரணத்தில் குரல்கள் குறைந்தன. கடைசியில் ஓட்டுநர் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு முழுசும் தெரிந்திருந்தது.

விடியும்போது ஒரத்தநாட்டைத் தாண்டியிருந்தோம். அதற்கு அப்புறம் பேச்சே இல்லை. தென்னைகள் ஒரே பக்கமாகத் தலை வைத்துச் சாய்ந்து கிடந்தன. ஒரு தோப்பு இல்லை, இரண்டு தோப்பு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. புதாற்றங்கரையில் வேனை நிறுத்தியபோது ஒரு பெரியவர் வந்தார். முதலில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் எங்களைக் காசு கொடுக்க விடவில்லை. தோப்பு போச்சா ஐயா என்று கேட்டேன். "மரம் சாஞ்சா நட்டுக்கலாம் ஆத்தா. காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் கையும் காலும்தான்" என்றார். அவர் பாட்டைச் சொல்லவில்லை. அது அந்த ஊரில் சாதாரணமாகப் பேசுகிற பேச்சு. 'கையும் காலும்தானே மிச்சம்' என்று பானுமதி பாடியது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்தக் கரையில்தான் தெரிந்தது. மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அன்றைக்கு அதைப் போய்ப் பார்க்கிற மனநிலையில் யாரும் இல்லை.

1959 அக்டோபர் 8 அன்று பட்டுக்கோட்டையார் இறந்துபோனார். அவருக்கு வயது 29. மனைவி கௌரவாம்பாளுக்குக் கையில் குழந்தை. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பாரதி முப்பத்தெட்டு வயதில் போனார் என்று வருந்துகிறோம். இவர் அதற்கும் ஒன்பது வயது குறைவில். கண்ணதாசன் அவருக்காக இரங்கற்பா எழுதினார். போட்டியாளர் என்று ஊர் பேசிய ஒருவர் எழுதிய அந்தக் கவிதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒரு விஷயம் என்னை ரொம்ப உறுத்துகிறது. 'இரும்புத்திரை' வந்தது 1960. 'செய்யும் தொழிலே தெய்வம்' பாட்டு உள்ள 'ஆளுக்கொரு வீடு'ம் 1960. 'சின்னப் பயலே' வரும் 'அரசிளங்குமரி' 1961. 'திருடாதே' 1961. நாம் பட்டுக்கோட்டையார் என்றதும் சொல்லும் பாட்டுகளில் பாதியை அவர் திரையில் பார்க்கவே இல்லை. கொட்டகையில் கடைசி வரிசையில் நின்று, டி.எம்.எஸ். குரல் 'தனியுடைமைக் கொடுமைகள் தீரத் தொண்டு செய்யடா' என்று ஒலிக்கும்போது சனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. தனியுடைமை என்ற சொல் கட்சிக் கூட்டத்தில் புழங்கும் சொல். அது ஒரு ராஜா ராணிப் படத்துக்குள் புகுந்து, ஊர் ஊராகப் போய், மாடு மேய்க்கிற பையன் வாய்க்கு வந்தது. வேப்பமரத்து உச்சியில் பேய் ஆடுகிறது என்று சொல்வார்கள், நம்பாதே என்பதும் அதே பாட்டில்தான். பயமும் பசியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எண்ணியவர் போல அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

அவருடைய எழுத்துகளை 1993இல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. எல்லாம் பொதுவாய்ப் போக வேண்டும் என்று பாடியவரின் பாட்டுகள் பொதுவாகின. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முழுசாகவும் அச்சடிக்கலாம்.

அப்பா அந்தத் தாளின் பின்பக்கத்தை எழுதி முடித்து மகளிடம் கொடுத்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, பதுக்கிறதுன்னா என்ன?" என்று கேட்டாள். அவர் விளக்க ஆரம்பித்தார். ரேஷன் கடை, அரிசி, மூட்டை, குடோன். அது எங்கெங்கோ போய், அவர் சின்ன வயதில் ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்பிய கதை வரை போனது. அந்தக் கதையை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

மறுநாள் தாளின் பின்பக்கத்தைப் படமெடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். நல்லா இருக்குங்க, ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நிமிஷம்தான் என்று பதில் வந்தது. அவர் சொன்னதிலும் தப்பில்லை, நாற்பது பிள்ளைகள்.

மகள் இப்போது கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பாடிப் பழகுகிறாள். முதல் தடவை இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி ஆனது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுகிறார். நேற்று இரண்டு நிமிஷம் பத்து விநாடிக்கு வந்துவிட்டாள். பல்லவியைத் திரும்பப் பாடுகிற இடத்தை விட்டுவிட்டால் சரியாக வந்துவிடும் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.